நூற்றறுபதுக்குக் கீழே

பக்கத்து வீட்டு யோசுவா மாமன் தன்னுடைய மீன் டெம்போவை மூன்றாவது தடவையும் கழுவிவிட்டு, பின்தட்டில் குனிந்து மோந்து பார்த்தார். தினமும் விடியும் முன்பே பொழியூரிலிருந்து சாளையும் நெத்தோலியும் ஏற்றி வருகிற வண்டி அது.

“இப்ப மணமொண்ணும் இல்ல,” என்றார்.

“இல்லியா? அந்தப் பூச்சையளுக்கிட்ட கேட்டுப் பாருங்க,” என்றாள் அவர் மனைவி சுகிர்தபாய் மாமி, எங்கள் வீட்டு வாசலில் நின்றபடி. டயருக்குப் பக்கத்தில் இரண்டு பூனைகள் நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தன. மாமன் மறுபடி குழாயைத் திறந்தார். கோயிலுக்குப் போகிற வண்டியில் மீன் வாடை இருக்கக் கூடாது என்பதில், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரரான அவருக்கு எங்களைவிடக் கவலை அதிகம்.

அன்றைக்கு என் அம்மா ஓமனா வீட்டை விட்டு வெளியே வரப்போகிறாள். அதுவும் துலாபாரத்துக்கு. காலையிலிருந்தே எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சந்தோஷமா பயமா என்று அந்த நேரத்தில் யாராவது என்னிடம் கேட்டிருந்தால் கடித்து வைத்திருப்பேன்.

அம்மா பெருத்த உடம்புக்காரி. இதை நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் வந்து சொல்ல வேண்டாம். “சோறு கொறச்சாப் போதும்” என்ற உபதேசத்தை எங்கள் வீட்டு நடையில் வந்து சொல்லாத ஆள் பாறசாலைக்கும் நெய்யாற்றங்கரைக்கும் இடையில் யாரும் மிச்சமில்லை. மூச்சிழுப்புக்காக வருஷக்கணக்கில் விழுங்கிய மாத்திரை, தைராய்டு, முட்டு தேய்ந்து நடை நின்றது, நடை நின்ற வருத்தத்துக்குத் தின்றது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. தின்னவில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஒருநாள் தலையணைக்கு அடியிலிருந்து மிக்சர் பொட்டலத்தை எடுத்து முற்றத்தில் வீசி எறிந்து நான் கத்தியபோது அம்மா சொன்னது ஒன்றுதான்: “வாய் சும்ம இருந்தா கரையத் தோணுது மக்கா.” கரைவது என்றால் எங்கள் பக்கத்தில் அழுவது. நான் போய் அந்தப் பொட்டலத்தைப் பொறுக்கி எடுத்தேன். ஆனால் கொடுக்கவில்லை.

அப்பா மோகனன் மஸ்கட்டில் டிரைவர். வீட்டில் அம்மாவுக்கு நானும் அண்ணன் ஜிஜினும்தான். அண்ணன் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறான். அம்மாவின் கட்டில் அவன் இரும்புக் குழாயில் செய்தது, சக்கர நாற்காலியும் அவன் செய்ததுதான். கடையில் விற்கிற நாற்காலிகளில் அம்மா உட்கார முடியாது. குளியலறைக் கதவைக் கழற்றி, நிலையை உடைத்து, அந்த இடத்தில் திரை போட்டிருக்கிறான். காலையில் அவன் அம்மாவின் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கி நிறுத்துவான், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். நான் துடைப்பேன். சதை மடிப்புகளுக்குள் ஈரம் நின்றால் தோல் வெந்து போகும், அதனால் வெதுவெதுப்பான துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, பவுடர் போட வேண்டும். பிளஸ் டூ படிக்கும்போது தொடங்கிய வேலை இது. இப்போது தனுவச்சபுரம் கல்லூரியில் கடைசி வருஷம். கூடப் படிக்கிறவர்கள் கடைசி மணி அடித்ததும் பஃப்ஸ் தின்னப் போவார்கள், நான் பஸ்ஸுக்கு ஓடுவேன்.

நானும் அண்ணனும் சேர்ந்து ஒரு கல்யாண வீட்டுக்குப் போனதில்லை. ஒருவர் போனால் ஒருவர் இருக்க வேண்டும். அண்ணனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவர்கள் அம்மாவைப் பார்த்துவிட்டு, சாயாவைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு மீதிச் சாயாவையெல்லாம் நானே குடித்தேன், ஆத்திரத்தில். தூக்கித் தூக்கி அண்ணனுக்கு இருபத்தாறு வயதிலேயே இடுப்பில் பெல்ட். அவன் எதையும் வாய்விட்டுச் சொல்லுகிற ஆள் இல்லை. வீட்டுக்குத் தேவையான வாயை எனக்கே கொடுத்துவிட்டான்.

திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரம்மா, நாகர்கோவில்காரி, எங்களோடு தமிழிலேயே பேசுகிறவர், எதையும் மறைக்காமல் சொன்னார். இரைப்பையைச் சுருக்குகிற ஆபரேஷன் செய்தால் அம்மா நடப்பாள். செய்யாவிட்டால் இதயம் ரொம்ப நாள் தாங்காது. ஆனால் இந்தக் கனத்தில் மயக்க மருந்து கொடுக்க அவருக்குத் துணிவில்லை. “நூற்றறுபது கிலோவுக்குக் கீழ கொண்டு வாங்க. வந்த அன்னைக்கே என்னைக் கூப்பிடுங்க, தேதி தரேன்,” என்று தன் சொந்த நம்பரை எழுதிக் கொடுத்தார்.

அன்று திரும்பி வரும்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் தள்ளுவண்டியின் சக்கரம் மாட்டிக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். ஒருத்தன் ஃபோனைத் தூக்கிப் படம் பிடித்தான். நான் அந்த ஃபோனைப் பிடுங்கியதும் பிறகு நடந்ததும் தனிக் கதை. அம்மா வீடு வரும்வரை முகத்தைத் துவர்த்துத் துண்டால் மூடிக்கொண்டே வந்தாள். கட்டிலில் படுக்க வைத்ததும், “இனி ஆபரேஷன் உறப்பாச்சுன்னா மட்டும் என்னக் கொண்டு போனாப் போதும். போயிட்டுத் திரும்பி வாறதுக்கு நான் வரமாட்டேன்,” என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா காட்டிய வைராக்கியம் இருக்கிறதே, அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். பிறந்த நாளிலிருந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்று வளர்ந்த ஆள், மரச்சீனியைக் கண்ணால் பார்க்கமாட்டேன் என்றாள். நான் அளந்து கொடுத்ததைத் தின்றாள். கட்டிலில் இருந்தபடியே கையைத் தூக்கி இறக்கினாள், காலை நீட்டி மடக்கினாள். ரவிக்கை தொளதொளத்தது. நான் பிடித்துத் தைத்தேன், மறுபடி தொளதொளத்தது. எனக்கு உள்ளுக்குள் துள்ளல். ஆனால் நூற்றறுபதுக்குக் கீழேயா மேலேயா?

அதைக் கண்டுபிடிக்கத்தான் வழியில்லை. ஆரோக்கிய மையத்திலிருந்து கேட்டு வாங்கி வந்த எடை மெஷின் ஒரு கோட்டைக் காட்டிவிட்டு அணைந்தது. லாரி நிறுக்கிற இடத்தில் இருபது கிலோ முன்னே பின்னே காட்டும். பழைய இரும்பு வாங்குகிற ஆக்கிரிக் கடையில் நல்ல தராசு உண்டு என்று அண்ணன் வாய் தவறிச் சொன்னான். அம்மா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாவது நாள் அவளே கூப்பிட்டாள்.

“எலே, நம்ம பகவதி கோயில்ல துலாபாரம் இருந்தா என்ன?”

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

“அங்க எட போட்டா ஆரும் சிரிக்கமாட்டாங்க,” என்றாள் அம்மா. “கைக்குழந்தையும் இருக்கும், மந்திரியும் இருப்பாரு. ஆளு கனத்தா தேவிக்கு லாபமாக்கும்.”

துலாபாரம் என்றால் ஒரு தட்டில் ஆள், மறு தட்டில் ஆளின் எடைக்குக் காணிக்கை. எங்கள் கணக்கு எளிது. பாறசாலைச் சந்தையில் கதலிப் பழம் வாங்கி, கூடைக்குச் சரியாகப் பத்துக் கிலோ நிறுத்துப் பதினாறு கூடை கட்டினோம். பதினாறு கூடைக்குள் அம்மாவின் தட்டு தரையை விட்டுக் கிளம்பினால் அவள் நூற்றறுபதுக்குக் கீழே. கிளம்பாவிட்டால் மேலே. அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: இது வேண்டுதல் என்றுதான் ஊருக்குத் தெரிய வேண்டும். நூற்றறுபது என்ற எண் எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது.

கோயில் கமிட்டிச் செயலாளர் கிருஷ்ணன்குட்டி அண்ணாச்சிக்கு உத்தரத்தை நினைத்துப் பயம். அண்ணன் பட்டறையிலிருந்து எஞ்சின் தூக்குகிற சங்கிலியைக் கொண்டுவந்து மாட்டி, மறு தட்டைத் தரையோடு இறுக்கிக் கட்டிவிட்டு, தானும் யோசுவா மாமனும் ஒரு தட்டில் ஏறி நின்றுகொண்டு, “அண்ணாச்சியும் ஏறுங்க,” என்றான். அண்ணாச்சி வேட்டியைப் பிடித்துக்கொண்டு, தேவியைக் கூப்பிட்டுக்கொண்டே ஏறினார். உத்தரம் அசையவில்லை. இறங்கிய பிறகு அவர் முகத்தில் எப்பேர்ப்பட்ட வீரம்.

இதெல்லாம் முன்கதை. இனி அன்றைய நாள்.

பலகை போட்டுச் சக்கர நாற்காலியோடு அம்மாவை டெம்போவில் ஏற்றினோம். யாரும் பார்க்கக் கூடாது என்று அம்மா சொன்னதால் சுற்றிலும் போர்வை கட்டியிருந்தது. உள்ளே நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், கை சில்லிட்டுப் போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனதெல்லாம் ஆம்புலன்ஸில் படுத்தபடி, வழியை அவள் பார்த்ததில்லை. முச்சந்தி முக்கில் திரும்பும்போது போர்வையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலால். பிறகு கையால்.

“எட்டி, இங்ஙன பேக்கரி எப்ப வந்து?”

“வந்து மூணு வருஷமாச்சு அம்மே.”

“அந்தப் பிலாவு எங்க?”

“ரோட்டுக்கு அகலம் கூட்டுனப்ப வெட்டியாச்சு.”

“ஓகோ, என்கிட்ட ஆரும் கேக்கல்ல,” என்றாள் அம்மா, பஞ்சாயத்தே தன்னிடம் அனுமதி வாங்காமல் விட்டது போல. எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் சிரித்தோம்.

கோயில் வெளிமுற்றத்தில் தகரப் பந்தலுக்குக் கீழே தராசு தொங்கியது. எங்கள் தெரு முழுக்க வந்திருந்தது. இவ்வளவு பேர் எதற்கு என்று எனக்கு ஒரு கடுப்பு, ஆனால் யாரையும் வராதே என்று சொல்ல முடியாது. அண்ணன் தூக்கினான், நான் தாங்கினேன், அம்மா தட்டில் உட்கார்ந்தாள். தட்டு தரையில் பதிந்தது. பழக்கத்தால் அண்ணன் அவளுக்கு ஒரு பக்கம் குந்தி உட்கார்ந்துகொண்டான், நான் இன்னொரு பக்கம் மண்டியிட்டேன். அம்மாவைத் தாண்டி மறு தட்டு எங்களுக்குத் தெரியாது. கிருஷ்ணன்குட்டி அண்ணாச்சி கூடைகளைத் தூக்கிக் கொட்டுவது மட்டும் தலைக்கு மேலே தெரிந்தது.

பூஜை செய்கிற போற்றி தீர்த்தம் தெளித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடைகள் போயின. நான் உதட்டை அசைக்காமல் எண்ணினேன். பத்துக் கூடை. பதினொன்று. பதினைந்துக்கு மேல்தான் மூச்சு விடக் கூடாது என்று மனதுக்குள் தீர்மானித்து வைத்திருந்தேன். பன்னிரண்டாவது கூடை விழுந்தது. சங்கிலி முனகியது. அம்மாவின் தட்டு தரையை விட்டுக் கிளம்பியது.

பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டார்கள். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “பன்னெண்டுதானே? பன்னெண்டுதானே பிள்ளே?” என்று என் காதுக்குள் கேட்டாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்து எத்தனையோ காலம். நூற்றிருபது. சொன்னதற்கு நாற்பது கிலோ கீழே. அந்தப் பழங்களையே கட்டிப் பிடிக்கலாம் போல இருந்தது, தட்டைச் சுற்றி ஓடினேன்.

ஓடிப்போனவள் நின்றுவிட்டேன். நான் வாங்கியது முழுக்கக் கதலி. தட்டில் கதலிக்கு அடியில் செந்துளுவன் வாழைக்குலை ஒன்று சிவப்பாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஏத்தங்குலை. ஓரத்தில் உரித்த தேங்காய்கள். ஒரு முழுப் பூசணி.

“இது ஆரு வச்சது?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கூட்டம் ஒரு மாதிரி நெளிந்தது. சுகிர்தபாய் மாமிதான் முன்னே வந்தாள். “நாங்கதான் மக்களே. பதினாறு கூட போதுமான்னு எங்களுக்கு ஒரு பயம். பழம் தெகையாமப் போனா ஓமனாவுக்கல்லியா கொறச்சல்? நாலுபேரு பாக்க தட்டு பொங்காம இருந்தா அவளுக்க முகம் எப்படி இருக்கும்? அதாக்கும் ஆளுக்கு ஒண்ணு கொண்டு வந்து, கூட வைக்கதுக்கு முன்னாலயே அடியில வச்சோம். அந்தச் செந்துளுவன் எங்க வீட்டுல காச்சதாக்கும்.”

அவள் முகத்தில் அவ்வளவு நிறைவு. வழக்கமாக எனக்கு வருகிற கோபம் அந்த நேரத்தில் வந்திருந்தால் நல்லது, வரவில்லை. ஒவ்வொரு வீடும் வைத்திருக்கிறது. எத்தனை கிலோ என்று கடவுளுக்கே வெளிச்சம்.

“இதெல்லாம் மாத்தி வச்சு மறுபடி ஒண்ணு பாக்கலாமா?” என்று கிருஷ்ணன்குட்டி அண்ணாச்சியிடம் கேட்டேன்.

“நீ என்னத்தப் பேசுயா? தட்டுல வச்சா அது தேவிக்கு உள்ளதாக்கும். எடுக்கப்பிடாது.”

மறு பக்கத்தில் அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இன்றைக்காவது சிரிக்கட்டும். ஆனால் அடுத்தது என்ன? டாக்டரம்மாவைக் கூப்பிட வேண்டும், ஆம்புலன்ஸ், அந்த வராந்தா, அங்கே தராசில் ஏற்றி, இல்லை, திரும்பிப் போங்கள் என்று சொன்னால், அம்மா அதற்குப் பிறகு ஒரு தடவைகூட எழுந்திருக்கமாட்டாள். எனக்கு அவளைத் தெரியும். போய் அவள் காதில் சொன்னேன்.

அம்மா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு, “ஆரெல்லாம் வச்சாங்க?” என்றாள்.

“எல்லாரும்.”

“சுகிர்தக்காளுமா?”

“செந்துளுவன் குலை.”

அம்மா உதட்டை மடித்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன், வண்டியைத் திருப்ப வேண்டும், போர்வையை எங்கே வைத்தேன் என்றுகூட யோசித்துவிட்டேன். அவள் தலையைத் தூக்கி, எங்கள் வீட்டில் நான் கேட்டிராத ஒரு உரத்த குரலில், “எல்லாரும் ஒண்ணு கேளுங்க,” என்றாள்.

முற்றம் அடங்கியது.

“நான் நூற்றறுபது கிலோவுக்குக் கீழ வரணும். வந்தா டாக்டர் எனக்கு ஆபரேஷன் செய்வாங்க. வரல்லன்னா செய்யமாட்டாங்க. அதப் பாக்கத்தான் இங்க வந்தேன். வேண்டுதலும் உண்டு, இல்லன்னு சொல்லல்ல. நீங்க எனக்கு மேல உள்ள ஸ்நேகத்துல வச்சதெல்லாம் தேவிக்குப் போய்ச் சேந்தாச்சு. இனி எனக்கு உள்ளதப் பாக்கணும். இன்னொருக்க நிறுக்கணும்.”

ஊருக்குத் தெரியக் கூடாது என்று சொன்னவள். சுகிர்தபாய் மாமி தலையில் கை வைத்துக்கொண்டு, “கர்த்தாவே, நானல்லியா கெடுத்தேன்,” என்றாள்.

“சாரமில்லக்கா, விடுங்க. இனி மேல ஆரும் ஒரு பூவு கூட வைக்காண்டாம்.”

எதை வைத்து நிறுப்பது என்று பேச்சு வந்தது. நாலு கூடைக் கதலி மிச்சம் இருந்தது, அது போதாது. போற்றிதான் சொன்னார், மடப்பள்ளியில் உற்சவத்துக்கு வாங்கிய அரிசி இருக்கிறது, தையல் பிரிக்காத ஐம்பது கிலோ மூட்டைகள். மூன்று மூட்டையும் ஒரு கூடையும் சேர்ந்தால் சரியாக நூற்றறுபது.

“அது தேவிக்க அரிசியில்லியா?” என்றார் கிருஷ்ணன்குட்டி அண்ணாச்சி. “ஆளை நிறுக்கவா எடுக்கது?”

“தேவிக்க அரிசிதான், நிறுத்த பொறவும் தேவிக்க அரிசிதான். எங்கயும் போகல்ல,” என்றார் போற்றி. “போய் எடுங்க.”

மறு தட்டிலிருந்த காணிக்கையெல்லாம் மடப்பள்ளிக்குப் போனது. மூட்டைகள் வந்தன. இப்போது முற்றத்தில் கால் வைக்க இடமில்லை, ரோட்டில் போன பஸ்ஸிலிருந்துகூட இரண்டு பேர் இறங்கி வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் எண் தெரியும். யோசுவா மாமன் தட்டுக்குப் பக்கத்தில் கையை விரித்து நின்றுகொண்டு யாரையும் கிட்ட விடவில்லை. சற்று முன்வரை தட்டில் ஒன்றாவது கூட்டி வைக்கத் துடித்த பெண்கள் இப்போது அம்மாவிடமிருந்து எதையாவது குறைக்கத் துடித்தார்கள்.

“ஓமனா, வளைய கழத்து.”

“தலையில உள்ள பிச்சிப்பூவ எடு.”

“கொண்ட ஊசிய விட்டுட்டா. அதுவும் கனமில்லியா?”

அம்மா வளையல்களைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பூவைக் கொடுத்தாள். அண்ணன் மறுபடி அவள் பக்கத்தில் குந்தினான். நான் இந்தத் தடவை இரண்டு தட்டும் தெரிகிற இடத்தில் நின்றேன்.

முதல் மூட்டை விழுந்தது. இரண்டாவது. தராசு கல் மாதிரி இருந்தது. மூன்றாவது மூட்டையை அண்ணாச்சியும் மாமனும் பிடித்து மெல்ல இறக்கினார்கள். உத்தரத்தில் சங்கிலி இறுகுகிற சத்தம் கேட்டது, அம்மாவின் தட்டு அசையவில்லை. நூற்றைம்பதுக்கு மேலேதான் என்பது உறுதி. இனி ஒரே ஒரு கூடை.

அண்ணாச்சி கூடையைத் தலைக்கு மேல் தூக்கி எல்லோருக்கும் காட்டினார், ஏதோ உற்சவத்தில் கும்பம் காட்டுகிற மாதிரி. அதை மூட்டைகள் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

அந்தத் தட்டு ஒரு விரல் அளவு தாழ்ந்தது, நின்றது. மறுபடி தாழ்ந்தது. அம்மாவின் தட்டுக்குக் கீழே ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது, அது முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தது.

குரவை எழுந்தது. நான் கத்தப் போனேன், அப்போது பார்த்தேன். அண்ணனின் இரண்டு கைகளும் அம்மாவின் தட்டுக்கு அடியில் இருந்தன. அவன் ஏமாற்றவில்லை. அது அவனுக்கே தெரியாது என்று நான் சத்தியம் செய்வேன். எத்தனையோ வருஷமாக அம்மா எங்கே இருந்தாலும் அவளுக்கு அடியில் அவன் கை இருக்கும், அவ்வளவுதான். அவன் நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது.

அம்மாவுக்கும் தெரிந்தது. அவள் கீழே பார்த்தாள்.

“ஜிஜினே, கைய எடு மக்கா.”

“விழுந்திருவே அம்மே.”

“விழுந்தா விழட்டு. நீ கைய எடு.”

குரவை பாதியில் நின்றது. அண்ணன் என்னைப் பார்த்தான், நான் தலையசைத்தேன். அவன் ஒரு கையை எடுத்தான். தட்டு நடுங்கியது. இன்னொரு கையை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

தட்டு சரிந்து கீழே வந்தது. தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது தயங்கியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஒரு சாணையே பார்த்தேன். மறு பக்கம் அரிசி மூட்டைகள் மேலேயும் கீழேயும் ஊசலாடின. பிறகு, யாரும் தொடாமல், யாரும் தாங்காமல், மூட்டைத் தட்டு மெதுவாக, மெதுவாகத் தாழ்ந்துபோய்த் தரையில் உட்கார்ந்தது. அம்மா மேலே போனாள்.

கூட்டம் போட்ட சத்தத்தில் கோயில் புறாக்கள் எல்லாம் கிளம்பின. சுகிர்தபாய் மாமி அழுதுகொண்டே குரவையிட்டாள், வேதக்காரியின் முதல் குரவையாக இருக்கும், கொஞ்சம் பாட்டு மாதிரி இருந்தது. யோசுவா மாமன் அண்ணாச்சியைத் தூக்கிவிட்டார். நான் கையிலிருந்த வளையல்களோடு அழுதேன், எனக்கு வெட்கமாக இல்லை. அண்ணன் கண்ணைத் திறந்து அம்மாவை அண்ணாந்து பார்த்தான். அம்மாவை அவன் அண்ணாந்து பார்த்து எவ்வளவு நாள். இரண்டு கைகளையும் என்ன செய்வது என்று தெரியாமல் கடைசியில் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

“எறக்கலாமா?” என்று கிருஷ்ணன்குட்டி அண்ணாச்சி கேட்டார்.

“இப்ப வேண்டாம்,” என்றாள் அம்மா. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு லேசாக ஆடினாள். “கொறச்சு நேரம் இருக்கட்டு. பிள்ளே, ஒனக்க டாக்டர விளி.”

நான் நம்பரைப் போட்டு ஃபோனை மேலே நீட்டினேன். அம்மா காதில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினாள்.

“டாக்டரே, ஓமனாயாக்கும், பாறசால ஓமனா. நான் நூற்றறுபதுக்குக் கீழ வந்தாச்சு. இல்ல, வீட்டுல இல்ல. தராசுல தொங்கிட்டிருக்கேன். ஆமா, இப்பவே. ஊரு மொத்தம் பாத்திட்டு நிக்குது. நான் கீழ எறங்குயதுக்கு முன்னால ஒரு தேதி சொல்லுங்க.”